பெரிய எண்ணும் சிறிய தராசும்



காலையில் கடைக் கதவைத் திறந்தது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை நாம் எண்களோடுதான் வாழ்கிறோம். ஆயினும் நம் கையில் புரளும் எண்கள் பெரும்பாலும் நான்கைந்து இலக்கங்களுக்குள் அடங்கிவிடும். இம்முறை இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது இதுதான்:

18,446,744,073,709,551,615

நம் ஊர் வழக்கில் சொல்வதானால் 1,84,467 கோடி கோடியே, 44,07,370 கோடியே, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615.

"இத்தனை பெரிய தொகையை எந்த வியாபாரி கண்டான்? இதனால் என்ன பிரயோஜனம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் கணித பண்டிதர் அல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. மற்றதெல்லாம் கடையில் கற்றது. இந்த எண்ணைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது நமது கடையில் நேர்ந்த ஒரு சங்கடம். அதைக் கடைசியில் சொல்லுகிறோம். முதலில் எண்ணின் வரலாறு.

சதுரங்கப் பலகையும் கோதுமையும்

டமாஸ்கஸ் நகரின் தலைமைக் காஜியாக இருந்த இப்னு கல்லிகான் (1211–1282) பெரியோர்களின் வரலாறுகளைத் தொகுத்து ஒரு பெரும் நூல் எழுதினார். அதில் சதுரங்க வல்லுநரான அஸ்ஸூலீயைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு பழங்கதை வருகிறது. ஸிஸ்ஸா என்பவர் இந்தியாவின் அரசர் ஒருவருக்காகச் சதுரங்க விளையாட்டை உண்டாக்கினாராம். மகிழ்ந்த அரசர், "வேண்டியதைக் கேள்" என்றாராம். பலகையின் முதல் கட்டத்தில் ஒரு கோதுமை மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று, அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போய் அத்தனையும் தரவேண்டும் என்று ஸிஸ்ஸா கேட்டாராம். இவ்வளவு அற்பமாகவா கேட்பது என்று அரசர் வருந்தினாராம். அரண்மனைக் கணக்கர்கள் கணக்கிட்டபின், உலகத்தில் உள்ள தானியம் அத்தனையும் சேர்த்தாலும் போதாது என்று தெரிந்ததாம்.

கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நமக்கு முக்கியமானது அதன் பிற்பகுதி. இப்னு கல்லிகான் இதைக் கேட்டவுடன் நம்பிவிடவில்லை. தொகை அவ்வளவு பெரிதாகுமா என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. பின்னர் அலெக்ஸாந்திரியாவின் கணக்கர் ஒருவரைச் சந்தித்தபோது, அவர் ஒரு தாளில் கணக்கை எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கர் நம்மைப்போல அளவைகளோடு புழங்கியவர். ஆகவே வெறும் எண்ணை எழுதிவைத்து மலைக்க வைக்கவில்லை. பதினாறாம் கட்டத்தில் 32,768 மணிகள் வரும். அதை ஒரு கதஹ் என்று வைத்துக்கொண்டார். அது எகிப்து நாட்டுப் படி. தாமே அளந்தும் பார்த்திருந்தார். இருபதாம் கட்டத்தில் அது பதினாறு கதஹ், அதாவது ஒரு வைபா. ஆறு வைபா ஓர் இர்தப். நாற்பதாம் கட்டத்தில் 1,74,762 இர்தப்பும் மூன்றில் இரண்டு பங்கும். அதை ஒரு களஞ்சியம் என்றார். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள். அத்தனை களஞ்சியங்கள் உள்ளதை ஒரு நகரம் என்றார். அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகில் அத்தனை நகரங்கள் ஏது? காஜியின் சந்தேகம் தீர்ந்தது.

நமது கடைக் கணக்கு

அலெக்ஸாந்திரியாக் கணக்கர் செய்ததை நாமும் செய்து பார்த்தோம். பத்து கிராம் அரிசியைத் தராசில் நிறுத்து எண்ணினோம். ஏறக்குறைய ஐந்நூறு மணிகள். ஆகவே கிலோவுக்கு 50,000 மணிகள் என்று வைத்துக்கொள்வோம்.

பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களிலும் சேர்த்து 255 மணிகள், ஐந்து கிராம்தான். இரண்டு வரிசை முடிந்தால் 65,535 மணிகள். ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். மூன்று வரிசைக்கு ஏழு மூடைகூட ஆகாது (மூடை ஐம்பது கிலோ). பாதிப் பலகை, அதாவது முப்பத்திரண்டு கட்டங்கள் முடியும்போது சுமார் 1,718 மூடைகள். நம்மில் மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு இது பெரிய மலைப்பு அல்ல. ஆனால் மீதிப் பாதியையும் நிரப்பினால் சுமார் 36,893 கோடி டன். உலகம் முழுவதிலும் இன்று ஆண்டொன்றுக்கு ஐம்பது கோடி டன்னுக்குச் சற்று அதிகமான அரிசி விளைகிறது. ஐம்பது கோடி என்றே கொண்டால், 730 ஆண்டுகளுக்கு மேற்பட்ட விளைச்சல் வேண்டும்.

இரட்டிப்பின் குணம் இதுதான். பாதி வழிவரை அது கையடக்கமாகவே தெரியும்.

ஆறே பெருக்கல்

இந்தத் தொகையைக் கண்டுபிடிக்க அறுபத்து நான்கு எண்களை எழுதிக் கூட்டவேண்டும் என்று அஞ்சவேண்டாம். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது: 1-உம் 2-உம் சேர்ந்தால் 3. அதோடு 4 சேர்ந்தால் 7. அதோடு 8 சேர்ந்தால் 15. எங்கே நிறுத்தினாலும், அதுவரை உள்ள மொத்தம் அடுத்த கட்டத்தின் தொகைக்கு ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம், அறுபத்தைந்தாம் கட்டம் ஒன்று இருந்தால் அதில் வரக்கூடிய தொகைக்கு ஒன்று குறைவு.

இரண்டாவது: அறுபத்தைந்தாம் கட்டத்துக்கு ஒன்றை அறுபத்து நான்கு முறை இரட்டிக்கவேண்டும். நான்கு முறை இரட்டித்தால் 16. எட்டு முறை இரட்டிப்பது 16-ஐ 16-ஆல் பெருக்குவதற்குச் சமம்; 256. இவ்வாறு, வந்ததை அதனாலேயே பெருக்கிக்கொண்டு போகலாம்:

2 × 2 = 4
4 × 4 = 16
16 × 16 = 256
256 × 256 = 65,536
65,536 × 65,536 = 4,294,967,296
4,294,967,296 × 4,294,967,296 = 18,446,744,073,709,551,616

ஆறு பெருக்கல், பிறகு ஒன்றைக் கழித்தால் நமது எண். 973-ல் பிறந்த பேரறிஞர் அல்-பிரூனீ, 1000-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய தம் நூலில் இந்தப் பலகைக் கணக்கை இத்தகைய குறுக்கு வழியிலேயே செய்து காட்டியிருக்கிறார்.

ஒன்பதின் தராசு

நிற்க. கடைசிப் பெருக்கல் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய அரபுக் கணக்கு நூல்களில் இதற்கு ஒரு சோதனை உண்டு. அதற்கு மீஸான், அதாவது தராசு, என்றே பெயர். வியாபாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஓர் எண்ணின் இலக்கங்களையெல்லாம் கூட்டுங்கள். வந்த தொகையின் இலக்கங்களையும் கூட்டுங்கள். ஒற்றை இலக்கம் ஆகும்வரை இவ்வாறு செய்யுங்கள். அதுவே அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. ஒன்பதே வந்தால் மீதி இல்லை என்று பொருள். காரணம் எளிது. பத்து வெள்ளியை ஒன்பது பேருக்குப் பங்கிட்டால் ஒரு வெள்ளி மிஞ்சும். நூறு வெள்ளியைப் பங்கிட்டாலும் ஒன்றே மிஞ்சும், ஆயிரத்திலும் அப்படியே.

4,294,967,296-இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, அது 13, அது 4. நாலு நாலு பதினாறு. 1-உம் 6-உம் 7. ஆகவே விடையின் மீதியும் 7 ஆக வேண்டும். இருபது இலக்கங்களையும் கூட்டிப் பாருங்கள்: 88; அது 16; அது 7. தராசு முள் நேராக நிற்கிறது.

இப்போது ஒரு வேடிக்கை. இந்தப் பெருக்கலை நமது மகனார், கம்ப்யூட்டரில் கடைக் கணக்கு எழுதும் அட்டவணையில் போட்டுப் பார்த்தார். அது காட்டிய விடை 18,446,744,073,709,600,000. அந்த அட்டவணை பதினைந்து இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, மிச்சத்தைச் சுழியமாக்கிவிடுகிறது. அதனால் 48,384 கூடுதலாகிவிட்டது. சரி, நமது தராசு இதைப் பிடிக்குமா? இலக்கங்களைக் கூட்டினால் 70, அது 7. பிடிக்கவில்லை! தவறான எண்ணும் ஒன்பதின் சோதனையில் தேறிவிட்டது. ஏனெனில் கூடுதலான 48,384 என்பது ஒன்பதால் மீதியின்றி வகுபடும் தொகை. ஒன்பதின் மடங்காக நேரும் பிழை ஒன்பதின் தராசுக்குத் தெரியாது.

பதினொன்றின் தராசு

அதற்குத்தான் இரண்டாவது தராசு. எண்ணின் வலது கோடியிலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டுங்கள். விடுபட்டவற்றைத் தனியே கூட்டுங்கள். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வருவதில் பதினொன்று பதினொன்றாகத் தள்ளினால், அல்லது குறைந்தால் சேர்த்தால், அதுவே பதினொன்றால் வகுத்த மீதி. பத்து என்பது பதினொன்றுக்கு ஒன்று குறைவு, நூறு என்பது தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று கூடுதல், ஆயிரம் என்பது ஆயிரத்தொன்றுக்கு ஒன்று குறைவு. தொண்ணூற்றொன்பதும் ஆயிரத்தொன்றும் பதினொன்றின் மடங்குகள். இப்படி மாறி மாறி வருவதே காரணம்.

4,294,967,296-க்கு முதல் தொகை 20, இரண்டாவது 38. கழித்தால் 18 குறைகிறது. 22 சேர்த்தால் 4. நாலு நாலு பதினாறு, பதினொன்று போக 5. சரியான விடையில் 63-இலிருந்து 25 போக 38. முப்பத்து மூன்று தள்ள 5. பொருந்துகிறது. அட்டவணை காட்டிய விடையில் 46-இலிருந்து 24 போக 22. மீதி ஒன்றும் இல்லை. பிழை அகப்பட்டுவிட்டது.

இவ்வளவு பெரிய எண்ணை ஒரு துண்டுத் தாளில் நிறுத்துப் பார்த்துவிட்டோம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சோதனையில் தோற்ற கணக்கு நிச்சயமாகத் தவறு. தேறிய கணக்கு நிச்சயமாகச் சரி என்று சொல்வதற்கில்லை. இரண்டு தராசிலும் தப்பும் பிழைகளும் உண்டு. 163-ஐ 361 என்று எழுதினால் இரண்டுக்கும் தெரியாது.

எண்ணின் உள்ளே

இனி இந்த எண்ணை உடைத்துப் பார்ப்போம். ஒரு தொகையை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கழித்தால், அது எப்போதும் அத்தொகைக்கு ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கியதற்குச் சமம். பத்துப் பத்து நூறு. ஒன்று போக 99. அது ஒன்பது பதினொன்று. இதே விதியால்,

4 × 4 − 1 = 3 × 5
16 × 16 − 1 = 15 × 17
256 × 256 − 1 = 255 × 257
65,536 × 65,536 − 1 = 65,535 × 65,537

ஒவ்வொரு வரியின் விடையும் அடுத்த வரியில் முதல் பங்காக வந்து உட்காருவதைக் காணுங்கள். கடைசி வரிவரை போனால் நமது எண்:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

முதல் ஐந்தும் பகா எண்கள்; அதாவது தம்மாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. ஆறாவது? பிரான்சு தேசத்தில் துலூஸ் நகரில் நீதிமன்ற உத்தியோகம் பார்த்துக்கொண்டே கணிதத்தில் பெரும் புகழ் பெற்ற பியேர் ஃபெர்மா என்பவர், இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் பகா எண்களே என்று தாம் நம்புவதாக 1640-ல் எழுதினார். ஐந்து சரியாக இருந்தன. ஆறாவதும் அப்படித்தான் என்று கொண்டார். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, 1732-ல், ஆய்லர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் அந்த ஆறாவது எண்ணைப் பிளந்து காட்டினார்:

4,294,967,297 = 641 × 6,700,417

நமது இரண்டு தராசிலும் நிறுத்துப் பாருங்கள். ஒன்பதின் தராசில் இரண்டு பக்கமும் 5. பதினொன்றின் தராசிலும் இரண்டு பக்கமும் 5. ஃபெர்மாவின் அறிவு அளவிடற்கரியது. ஆயினும் ஐந்தைக் கண்டு ஆறாவதை நம்பிவிட்டார். காஜி இப்னு கல்லிகானோ, சந்தேகம் வந்தபோது கணக்கரின் தாளைப் பார்க்கும்வரை முடிவு கட்டவில்லை.

இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் இந்த எண் அந்நியமல்ல. அவை எண்களை 0, 1 என்ற இரண்டு குறிகளாலேயே எழுதுகின்றன. அறுபத்து நான்கு இடங்களிலும் 1 என்று நிரப்பினால் வருவது நமது எண்ணேதான். அறுபத்து நான்கு இடங்களில் எழுதக்கூடிய முழு எண்களில் அதுவே மிகப் பெரியது.

நமது கடையில் நடந்தது

இனி நாம் முதலில் சொன்ன சங்கடம். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசியில், பேரேட்டில் கண்ட தொகைக்கும் ரொக்கத்துக்கும் 270 வெள்ளி வித்தியாசம் வந்தது. ரொக்கம் குறைவு. கல்லாவில் உட்காருபவர்கள் இருவர்தான். நாமும், பதினொரு வருஷமாக நம்மிடம் வேலை பார்க்கும் தம்பி ஒருவரும். நாம் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை, "தம்பி, கல்லாச் சாவி நம்ம கையிலேயே இருக்கட்டும்" என்றோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்தார். அதன்பின் இரண்டு நாள் அவர் தேநீர்கூட நம்மோடு அருந்தவில்லை.

மூன்றாம் நாள், "நானா, சிட்டையையும் பேரேட்டையும் ஒரு தடவை பக்கத்துல வச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் நமக்கு ஒன்பதின் நினைவு வந்தது. 270 ஒன்பதால் வகுபடுகிறது; ஈவு 30. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். ஈவு 30 என்றால், பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கக்கூடும். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் மூன்று. இப்படிப்பட்ட வரவைத் தேடினோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சிட்டையில் தம்பி எழுதியது 1,360. பேரேட்டில் அதை 1,630 என்று பெயர்த்து எழுதியிருந்தது நமது கை, நமது மை, நமது எழுத்து.

பேரேட்டை எழுதி முடித்ததும் ஒன்பதின் சோதனை செய்வது நமது வழக்கம். அன்றும் செய்திருந்தோம். 1,360-க்கும் மீதி 1, 1,630-க்கும் மீதி 1. தேறிவிட்டது என்று நிம்மதியாக ஏட்டை மூடியிருந்தோம். பதினொன்றின் தராசில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 7, மற்றதற்கு 2 என்று உடனே காட்டிக்கொடுத்திருக்கும்.

சாவியைத் தம்பியின் கையில் கொடுத்து, மற்ற ஊழியர்கள் கேட்கும்படியே மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல நானா" என்றார். ஒன்றுமில்லாமல் இல்லை என்பது நமக்குத் தெரியும். ரொக்கத்தில் 270 வெள்ளி ஒருபோதும் குறையவில்லை. குறைந்தது ஒரு நல்ல மனிதர் நம்மீது வைத்திருந்த நம்பிக்கை. அதை ஈடுகட்ட எந்தக் கணக்கிலும் வழி இல்லை, நாட்கள்தான் ஆற்றவேண்டும்.

சகோதரர்களே! கணக்கில் வித்தியாசம் வந்தால் முதலில் ஆளைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் எங்கேனும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஏட்டைத் தேடுங்கள். பெரிய தொகைகளைப் பெயர்த்து எழுதும்போது ஒன்பது, பதினொன்று ஆகிய இரண்டு தராசிலும் நிறுத்துவிட்டு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் கடை ஊழியர்களுக்கும் இவ்விரண்டையும் கற்றுக்கொடுங்கள். அரை மணி நேரப் பாடம், கூலி கொடுக்கவேண்டியதில்லை.

அந்த இருபது இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி நமது கல்லாவின்மேல் ஒட்டிவைத்திருக்கிறோம். சரக்கு வாங்க வருபவர்கள் "இது என்ன, லாட்டரி நம்பரா?" என்று கேட்பதுண்டு. தம்பிதான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்: "இல்லீங்க, நம்ம நானா கணக்கு படிச்ச பாடம்."